யாழ்ப்பாணம் – நுவரெலியா தனியாகச் சைக்கிளில்: ஏற்றம் பழகாதவனுக்கு ஆலோசனை வேண்டும்

வல்லைவெளி

வணக்கம். வீடு வடமராட்சியில், வேலை யாழ்ப்பாணம் ரவுணில். வல்லை வெளியால் சைக்கிளில்தான் போய் வருகிறேன், அதனால் தூரம் பெரிய பயமில்லை. மாசிக் கடைசியில் லீவு கிடைக்கும் போல இருக்கிறது. ஏ9 (யாழ்ப்பாணம் – கண்டி) ரோட்டு வழியே கண்டி, அங்கிருந்து கம்பளை, புசல்லாவை, இறம்பொடை, நுவரெலியா என்று தனியாக ஓடிப் பார்க்க ஆசை. கால் ஒத்துழைத்தால் வெலிமடை, பதுளைப் பக்கம் இறங்கலாம்.

எங்கள் பக்கத்தில் ஏற்றம் என்றால் பாலத்துக்கு ஏறுகிற ஏற்றம்தான். மலையில் ஓடிய அனுபவம் துப்புரவாக இல்லை. அப்பாவின் கியர் இல்லாத லுமாலா சைக்கிள் வீட்டில் நிற்கிறது, ஒரு குறையும் இல்லை. நண்பன் ஒருவன் பழைய 21 கியர் மவுண்டன் சைக்கிளை மலிவாகத் தருகிறேன் என்கிறான். எதைக் கொண்டு போவது? இங்கே இருந்துகொண்டு ஏற்றத்துக்கு எப்படிப் பழகுவது? தனியாகப் போவது விசர் வேலை என்று அம்மா சொல்லுகிறா. நீங்கள் என்ன சொல்லுகிறீர்கள்?

ஏன்_வம்பு

அம்மா சொல்லுவது சரி. மலையைப் பார்க்க வேண்டும் என்றால் மலையில் போய் ஓடுங்கள். ஆனையிறவில் இருந்து மதவாச்சி வரை நேர் ரோட்டில் வெயில் குடிப்பதில் என்ன இருக்கிறது? சைக்கிளை ரயிலில் பார்சலாகப் போட்டு அநுராதபுரம் வரைக்கும் கொண்டு போகலாம். ஏ9இல் சொகுசு பஸ்கள் எப்படி ஓடுகின்றன என்று உங்களுக்குத் தெரியாததா?

பழைய_றலி

தம்பி, லுமாலாவைக் கொண்டு போங்கோ. 90களின் தொடக்கத்தில் குடாநாட்டுக்குப் பெற்றோல் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை. கிளாலியில் சைக்கிளையும் வள்ளத்தில் ஏற்றி, அந்தப் பக்கம் இறங்கி, வவுனியா வரை மிதித்துப் போய் சாமான் கட்டிக்கொண்டு வந்த ஆட்கள் நாங்கள். கரியரில் ஒரு மூடை, பாரில் ஒரு மூடை. கியர் என்ற சொல்லே யாரும் கேள்விப்பட்டதில்லை. 2022இல் பெற்றோல் வரிசை வந்தபோதும் அதே சைக்கிளைத்தான் தூசி தட்டி எடுத்தேன்.

பழைய கியர்ச் சைக்கிள் நடுக்காட்டில் பழுதானால் யார் திருத்துவது? லுமாலா என்றால் எந்தச் சந்தியிலும் ஒரு சைக்கிள் கடைக்காரன் கண்ணை மூடிக்கொண்டு சரிபார்த்துத் தருவான். ஏற்றம் வந்தால் இறங்கித் தள்ளுங்கோ. அதில் ஒரு வெட்கமும் இல்லை.

காற்றுக்கணக்கு

ஐயா ஓடியது முழுக்கத் தட்டை நிலம். மலையில் கணக்கு வேறு.

ஆள், சைக்கிள், சாமான் எல்லாம் சேர்த்து 85 கிலோ என்று வைப்போம். கண்டிப் பக்கம் 500 மீற்றர் உயரம், கம்பளை அதையும்விடக் கொஞ்சம் பதிவு, நுவரெலியா 1868 மீற்றர். ஆக 1400 மீற்றர் அளவில் இந்தப் பாரத்தை மேலே தூக்க வேண்டும். பழகிய ஆள் ஒருவரால் மணிக்கணக்காக 100 வாற்று கொடுக்க முடியும். அந்த அளவில் தூக்குவதற்கு மட்டுமே 3 மணித்தியாலத்துக்கு மேல் வரும். ரோட்டின் உராய்வு, ஓய்வு, தேத்தண்ணி எல்லாம் தனி. சாமானில் 10 கிலோ கூட்டினால் இன்னும் 20 நிமிடத்துக்கு மேல் ஏறும்.

இந்த 100 வாற்றை 6 வீத ஏற்றத்தில் கொடுத்தால் வேகம் மணிக்கு 6 கிலோமீற்றர் அளவில்தான் இருக்கும். வீட்டுச் சைக்கிளில் பெடலோடு இருக்கும் முன் சக்கரத்தில் 44 பல்லு, பின் சில்லுச் சக்கரத்தில் 18 பல்லு என்றால், பெடல் ஒரு சுற்றுக்கு 5 மீற்றருக்கு மேல் நகரும். 6 கிலோமீற்றர் வேகத்துக்கு நிமிடத்துக்கு 18, 19 சுற்று. அது மிதிப்பதே இல்லை, ஒவ்வொரு பெடலிலும் ஏறி நிற்பது. முழங்கால் போய்விடும். அந்த மவுண்டன் சைக்கிளில் முன்னால் சின்னப் பல்லு 24, பின்னால் பெரிய பல்லு 28 இருந்தால், ஒரு சுற்றுக்கு 1.8 மீற்றர். அதே வேகத்துக்கு 55 சுற்று. இருந்தபடியே கதைத்துக்கொண்டு ஏறலாம்.

பழகுவதற்கு உங்களிடம் காற்று இருக்கிறது. மணிக்கு 20 கிலோமீற்றர் எதிர்க்காற்றில் 15 கிலோமீற்றர் வேகத்தில் ஓடினால், காற்றின் தள்ளுவிசை ஏறத்தாழ 4 வீத ஏற்றத்துக்குச் சமம். வல்லை வெளி, பண்ணைப் பாலம், வேலணையில் இருந்து புங்குடுதீவுக்குப் போகிற தாம்போதி, சங்குப்பிட்டி. காற்று முகத்தில் அடிக்கிற பக்கமாக, நிற்காமல், ஒரே அளவில் மிதித்துப் பழகுங்கள். வேகமாக ஓடிக் களைக்கிற பயிற்சி இதற்கு உதவாது.

பழைய_றலி

> மணிக்கு 6 கிலோமீற்றர் அளவில்தான் இருக்கும்

நல்லது. நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தால் மணிக்கு 4 கிலோமீற்றர். இந்த 2 கிலோமீற்றருக்காகவா இவ்வளவு பல்லுக் கணக்கு?

காற்றுக்கணக்கு

ஹஹா, அது நியாயமான அடி. தள்ளுகிறவர் ஒவ்வொரு 12 கிலோமீற்றர் ஏற்றத்துக்கும் என்னைவிட ஒரு மணித்தியாலம் பிந்துவார், அவ்வளவுதான். ஏறுவதற்கு மட்டும் என்றால் நான் இவ்வளவு வாதாட மாட்டேன். என் பயம் இறக்கம்.

பழைய சைக்கிளின் ரிம் குரோம் பூசிய இரும்பு. காய்ந்திருக்கும்போது ரப்பர் கட்டை ஒருமாதிரிப் பிடிக்கும். மழை நனைத்தால் அந்தப் பிடியில் பெரும் பகுதி போய்விடும். யாழ்ப்பாணத்தில் அதை உணர மாட்டோம், பெடலை விட்டால் தானாக நிற்கும். 800 மீற்றர் இறங்கும்போது அந்த 85 கிலோவில் இருந்து வெளியே வரும் சக்தி, இரண்டு லீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைக்கக் காணும். ஒரு பங்கைக் காற்று எடுக்கும், மிச்சம் முழுக்க உங்கள் பிறேக் கட்டையிலும் ரிம்மிலும்தான். பிறேக்கைத் தொடர்ந்து பிடித்துக்கொண்டே இறங்கினால் ரிம் சுட்டு ரியூப் வெடித்த கதைகள் உண்டு. வளைவுக்கு முன்னால் நேர் ரோட்டிலேயே நன்றாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, பிறகு விட்டு, ரிம் ஆற விட வேண்டும். அலுமினிய ரிம், புதுக் கட்டை. மற்றதெல்லாம் பிறகு பார்க்கலாம்.

கச்சான்கடை

காற்றைப் பற்றி ஒன்று. மாசி, பங்குனி நல்ல தெரிவு. வாடைக் காற்றின் (வடகிழக்குக் காற்று) மிச்சம் தெற்கே போகும்போது முதுகின் இடப்பக்கம் இருந்து தள்ளும். ஆடியில் இதே ரோட்டில் போனால் சோளகம் (தென்மேற்குக் காற்று) வலப்பக்க முன்னால் இருந்து அடிக்கும், வவுனியா போகுமுன்பே வாழ்க்கை வெறுத்துவிடும். மழையும் அப்படித்தான். வைகாசியில் இருந்து புரட்டாதி வரை தென்மேற்குப் பருவமழை ஹட்டன், வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் கொட்டும். அந்த நேரம் ஊவாப் பக்கம் (வெலிமடை, பதுளை) காய்ந்து கிடக்கும். பங்குனி, சித்திரையில் காலையில் வெளிச்சம், பின்னேரம் இடிமழை. ஆகவே விடியப்புறம் தொடங்கி மத்தியானம் தாண்ட முதல் நிறுத்திவிடுங்கள். சித்திரை வருஷத்தோடு நுவரெலியாவில் சீசன் கூட்டம், அறை விலை கேட்டால் தலை சுற்றும்.

குளிர் உடுப்பு கட்டாயம். ஆயிரம் மீற்றர் உயர்ந்தால் ஆறு, ஆறரை பாகை குளிர் கூடும். நம் ஊரைவிட நுவரெலியா 12 பாகை அளவு குளிர். ஏறும்போது வியர்த்துக் கொட்டும், இறங்கும்போது அதே ஈர உடுப்பில் காற்று அடிக்கும். அப்போதுதான் விரல் விறைத்து பிறேக் பிடிக்க முடியாமல் போகும்.

முறிகண்டியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு, கச்சான் வாங்கிப் பையில் போடுங்கள். வன்னிக்குள் நல்ல சாப்பாடு அதுதான்.

தாவடியாள்

தனியாகப் போவது பற்றி யாரும் சரியாகச் சொல்லவில்லை, ஆகவே நான் எழுதுகிறேன். நான் பெண், கண்டி வரை தனியாக ஓடியிருக்கிறேன், பதுளைப் பக்கமும் ஓடியிருக்கிறேன்.

யானை, பாம்பு என்றுதான் எல்லோரும் பயம் காட்டினார்கள். மதவாச்சிக்கும் தம்புள்ளைக்கும் இடையில் இருட்டில் ஓடாமல் விட்டால் யானைப் பயம் பெரும்பாலும் தீரும். எனக்குத் தலையிடி தந்தது ஓட்டோவில் பின்னாலேயே மெதுவாக வருகிற ஆட்கள். பெண்கள் நிற்கிற கடை ஒன்றைப் பார்த்து நிறுத்துவேன், பிளேன்ரீ கேட்பேன், அவர்களாகப் போகும் வரை அங்கேயே இருப்பேன். தம்பிக்கு இந்தப் பிரச்சினை வராது, ஆனால் வாசிக்கிற தங்கச்சிமாருக்குச் சொல்லி வைக்கிறேன். தங்குமிடத்தை முதல் நாளே போனில் கதைத்து வைப்பேன், பின்னேரம் மூன்று மணிக்குள் போய்ச் சேருவேன். வீட்டுக்குக் காலையில் ஒரு செய்தி, தங்குமிடத்தில் இருந்து ஒரு செய்தி. நடுவில் ஒவ்வொரு மணித்தியாலமும் போன் எடுக்கச் சொல்லி வீட்டில் கேட்டார்கள், முடியாது என்று சொல்லிவிட்டேன். மலையில் சிக்னல் போனால் அவர்கள்தான் பயப்படுவார்கள்.

இலக்கங்கள்: 1990 இலவச அம்புலன்ஸ், 119 பொலிஸ், 117 அனர்த்த முகாமைத்துவ நிலையம். போனில் மட்டும் இல்லாமல் ஒரு காகிதத்திலும் எழுதி வையுங்கள். மற்றது, பார்மசியில் ஜீவனி (தண்ணியில் கரைத்துக் குடிக்கிற உப்புக் கரைசல்) பக்கற் வாங்குங்கள். வன்னி வெயிலில் வெறும் தண்ணியை மட்டும் குடித்துக்கொண்டு போனால் பின்னேரம் தலை கிறுகிறுக்கும்.

ஏன்_வம்பு அண்ணைக்கு: ஏ9ஐ விட்டால் மலைக்குக் கால் பழகாது. தம்புள்ளை தாண்டி நாவுல, நாலந்தைப் பக்கம் சின்னச் சின்ன ஏற்றமாகத் தொடங்கி மாத்தளையில் கொஞ்சம் நிமிரும். அதிலேயே கியர், இருக்கை உயரம் எல்லாம் சரிசெய்து பழகலாம். ரயிலில் இறங்கி நேரே கம்பளையில் தொடங்குகிறவர்தான் புசல்லாவையில் படுத்துவிடுவார்.

ஏன்_வம்பு

நான் சொன்னது அநுராதபுரம் வரைக்கும் ரயில் என்று. கம்பளை என்று சொல்லவில்லை. பரவாயில்லை, அம்மா பக்கம் ஒரு ஆளாவது இருக்க வேண்டும்.

லபுக்கலை

வணக்கம். நான் லபுக்கலைப் பக்கம், இப்போ கொழும்பில் வேலை. எங்க ஊர் ரோட்டைப் பத்தி யாழ்ப்பாணத்து ஆட்கள் பேசிட்டு இருக்கிறதைப் பார்த்து உள்ளே வந்தேன்.

தம்பி, கம்பளையில் இருந்து புசல்லாவை வரைக்கும் ஏற்றம் இருக்கும், பயப்படாதீங்க. புசல்லாவையில் சாப்பிட்டுத் தண்ணி நிரப்புங்க. இறம்பொடையில் சுரங்கம் ஒன்று வரும், 225 மீற்றர், நாட்டிலேயே நீளமான ரோட்டுச் சுரங்கம் என்று சொல்லுவாங்க. உள்ளே போகுமுன் பின் லைட் போடுங்க. அதுக்கு மேலே லபுக்கலை வரைக்கும் கொண்டை ஊசி வளைவுதான். ரோட்டின் ஒரு பக்கம் பள்ளம், மற்றப் பக்கம் மலையோடு ஒட்டிய சீமெந்துக் கான் (மழைத்தண்ணி ஓடுற வடிகால்). பஸ் வந்தா ஓரமா ஒதுங்குறேன் என்று கானுக்குள்ள சில்லை விட்டுடாதீங்க. ஏறும்போது உள்வளைவு செங்குத்தா இருக்கும், பின்னால வண்டி இல்லாட்டி கொஞ்சம் அகலமா எடுத்து ஏறுங்க. பஸ் வந்தா கூச்சப்படாம இறங்கி நில்லுங்க. 2025 மே மாதம் கொத்மலை கெரண்டியெல்லவில் பஸ் பள்ளத்தில் விழுந்து 20 பேருக்கு மேலே செத்தது இந்த ரோட்டில்தான்.

அப்புறம் மழை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தப்போ எங்க பக்கம் மலை மலையாச் சரிஞ்சது. பதுளை ரயில் பாதையும் பெரிய சேதம். திரும்பி வர ரயிலை நம்பித் திட்டம் போடுறதா இருந்தா நிலையத்தில் கேட்டுட்டுப் போடுங்க. மண்சரிவு எச்சரிக்கையைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று போடும். இரண்டு நாள் விடாம மழை பெய்தா, எந்த நிறமா இருந்தாலும், அறையிலேயே இருங்க. வெட்டின மண் சுவருக்குக் கீழே நின்று மழைக்கு ஒதுங்காதீங்க. ஊருக்குப் புதுசான ஆட்கள் அதைத்தான் செய்வாங்க.

வாகன நெரிசல் வேண்டாம் என்றால் கண்டியில் இருந்து அங்குராங்கெத்த, ரிகில்லகஸ்கட, வலப்பனை, இராகலை, கந்தப்பளை என்று ஒரு வழி இருக்கு. அழகு. ஆனா வலப்பனை மண்சரிவுக்குப் பேர்போன இடம், அங்க ஆட்களைக் கேட்காம போகாதீங்க.

இன்னொன்று. கொழுந்து பறிக்கிறவங்களைக் கேட்காம போட்டோ எடுக்காதீங்க, நடுவில நிறுத்தவும் வைக்காதீங்க. அவங்களுக்கு நாளைக்கு இத்தனை கிலோ என்று கணக்கு இருக்கு. மேட்டு லயத்துப் பக்கம் (தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசை) தண்ணி கேட்டா தேத்தண்ணியே கிடைக்கும், குடிங்க, மறுக்காதீங்க. காசை நீட்டினா கோபிப்பாங்க.

எங்க சித்தப்பா குடும்பம் 1977 கலவரத்துக்குப் பிறகு இங்கிருந்து கிளிநொச்சிப் பக்கம் போய்க் குடியேறினது. அப்படிப் போன குடும்பங்கள் வன்னியில் நிறைய. நீங்க கிளிநொச்சி 155ஆம் கட்டையில் (பழைய மைல் கல்லால் வந்த இடப் பேர்) தேத்தண்ணி குடிக்கிற கடையிலேயே எங்க ஊர் ஆள் யாராவது இருப்பாங்க, விசாரிச்சுப் பாருங்க. யாழ்ப்பாணத்தில் இருக்கிறவங்க அவங்களைத் தாண்டி எங்களைப் பார்க்க வர்றது எனக்குக் கொஞ்சம் சிரிப்பா இருக்கு, தப்பா எடுக்க வேண்டாம்.

வல்லைவெளி

தப்பாக எடுக்கவில்லை அண்ணே. அந்தக் கணக்கு எனக்கும் உறைத்தது.

முடிவு: மவுண்டன் சைக்கிள். 26 அங்குல அலுமினிய ரிம், பின்னால் 28 பல்லுத்தான். றலி ஐயா மன்னிக்க வேண்டும். பிறேக் கட்டை, கேபிள், செயின் எல்லாம் புதிது. சாமானை அம்மாவின் தராசில் போட்டுப் பார்த்துக் குறைத்துக்கொண்டே வருகிறேன். இரண்டாவது காற்சட்டை வேண்டுமா என்று இன்னும் யோசனை.

பழைய_றலி

மன்னித்தேன். பனங்கட்டியும் எள்ளுருண்டையும் கொண்டு போங்கோ. பருத்தித்துறை வடை சில நாள் கெடாது. கடையில் விற்கிற வெளிநாட்டுச் சொக்கிலேற் வெயிலில் உருகிப் பைக்குள் அபிஷேகம் செய்யும்.

வல்லைவெளி

மாத்தளையில் இருந்து எழுதுகிறேன். முத்துமாரியம்மன் கோவில் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு இருக்கிறேன், எழும்ப மனமில்லை.

ஏ9 பற்றி: ரோட்டுக் கற்கள் கண்டியில் இருந்து எண்ணப்படுவதால், நாங்கள் போகும்போது எண் குறைந்துகொண்டே வரும். அது மனதுக்கு எவ்வளவு உதவி என்று யாரும் சொல்லவில்லையே! மொத்தம் 321 கிலோமீற்றர். வெளிக்கிட்ட விடியலில் கொடிகாமம் தாண்டும்வரை பயம்தான். கொழும்பில் இருந்து இரவிரவாக ஓடி வரும் பஸ்கள் ஊர் சேருகிற நேரம் அது, சாரதிகள் நித்திரைத் தூக்கத்தில். ஆனையிறவில் வெளிச்சம் வந்த பிறகு நிம்மதி. ஏன்_வம்பு அண்ணை சொன்னது பாதி உண்மை. மாங்குளத்துக்கும் ஓமந்தைக்கும் இடையில் பார்க்க ஒன்றும் இல்லை, நிழலும் இல்லை. ஆனால் அங்கேதான் ஒரே அளவில் மிதிக்கப் பழகினேன்.

155ஆம் கட்டையில் கேட்டேன். கடைக்கார அம்மாவின் தாய் தகப்பன் பதுளைப் பக்கமாம். தேத்தண்ணிக்குக் காசு வாங்கவில்லை. அங்கேயும் அப்படியா என்று லபுக்கலை அண்ணேயிடம் கேட்க நினைத்தேன்.

லபுக்கலை

எங்கேயும் அப்படித்தான். ஏறுங்க, நாளைக்குக் கண்டி ரவுணுக்குள்ள பார்த்து.

தாவடியாள்

கண்டிக்குள் சைக்கிள் ஓட்டுவது இந்தப் பயணத்திலேயே மோசமான பகுதி. பள்ளிக்கூடம் தொடங்குகிற, விடுகிற நேரங்களில் நுழையவே வேண்டாம்.

வல்லைவெளி

வீட்டுக்கு வந்துவிட்டேன். எல்லோருக்கும் நன்றி. விரிவாக எழுதுகிறேன், பின்னால் வருகிறவர்களுக்கு உதவும்.

கம்பளையில் தங்கி, இருட்டோடு வெளிக்கிட்டேன். காற்றுக்கணக்கு அண்ணையின் கணக்கு அப்படியே சரிவந்தது. சின்னக் கியரில் போட்டால் வேகமானி 6, 7 என்று காட்டும். மூச்சு வாங்காது. வல்லைக் காற்றில் பழகிய காலுக்கு அது புதிய வேலையே இல்லை. புதிதாக இருந்தது வேறு இரண்டு விஷயம். ஒன்று, காற்றில் களைத்தால் நிற்கலாம், பிறகு சும்மா மிதித்துத் தொடங்கலாம். ஏற்றத்தில் பாரத்தோடு நின்றால் மீண்டும் தொடங்குவது பெரிய வித்தை. வளைவு தாண்டி மட்டமாக இருக்கும் இடம் பார்த்துத்தான் நிற்க வேண்டும். மற்றது கை. எங்கள் ரோட்டில் ஹான்டிலில் கை சும்மா கிடக்கும். மெதுவாக ஏறும்போது முன் சில்லு இடமும் வலமும் ஆடும், அதைப் பிடித்துக்கொண்டே போனதில் தோளும் மணிக்கட்டும்தான் நொந்தது, கால் இல்லை.

இறம்பொடைக்கு மேல் வளைவுகளில் பூ விற்கிற பொடியன்கள். ஒரு வளைவில் வாகனத்துக்குப் பூ நீட்டுவார்கள், வாங்காவிட்டால் தேயிலைக்குள் குறுக்கே ஓடி அடுத்த வளைவில் நிற்பார்கள். எனக்கு நீட்டவில்லை. என் வேகத்தில் அவர்களுக்கு ஓட வேண்டிய தேவையே இல்லை, ஒருவன் பக்கத்தில் நடந்துகொண்டே வந்து கதைத்தான். பள்ளிக்கூடம் போகவில்லையா என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. பதில் எனக்குத் தெரிந்ததுதான். அந்தக் காட்சியை அழகு என்று படம் எடுத்துப் போடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

டித்வாவில் சரிந்த இடங்கள் மலையில் சிவப்புக் கீறலாகத் தெரிகின்றன. சில இடங்களில் ஒரு பக்கமாகத்தான் வாகனம் விடுகிறார்கள். சைக்கிளுக்கு அது நல்லது, எதிர் வாகனம் முழுக்கப் போன பிறகு தனி ரோட்டு.

நுவரெலியாவில் தங்குமிடம் ஒன்றில் போனில் சரி என்றவர்கள், சைக்கிளையும் என்னையும் பார்த்ததும் அறை இல்லை என்றார்கள். மழையும் தொடங்கிவிட்டது. பக்கத்தில் சின்னக் கடை வைத்திருந்த ஐயா தன் மருமகனின் வீட்டில் ஒழுங்கு செய்து தந்தார். குளிரில் நித்திரை வரவில்லை, கொண்டுபோன எல்லா உடுப்பையும் ஒன்றன் மேல் ஒன்றாகப் போட்டேன். இரண்டாவது காற்சட்டையும் உதவியது.

இறக்கம். ஹக்கலை தாண்டி வெலிமடைக்கு இறங்குகிற ரோட்டில் புகார் மூட்டம், ரோட்டு ஈரம். தாவடியாள் அக்கா, றலி ஐயா, யாராவது இந்த இழையில் ஒன்றை மட்டும் வாசிப்பதாக இருந்தால் காற்றுக்கணக்கு அண்ணை பிறேக் பற்றி எழுதியதை வாசிக்கட்டும். ஏறிய நாளில் நான் ஒருமுறைகூடப் பயப்படவில்லை. இறங்கிய நாளில் விரல்கள் விறைத்து, பிறேக் கைபிடியை இழுக்கிறேனா இல்லையா என்றே தெரியாமல் போனது. நிறுத்தி, கையை அக்குளுக்குள் வைத்துச் சூடாக்கி, மறுபடி இறங்கினேன். பின்னால் வந்த லொறிக்காரர் ஒருவர் ஹோர்ன் அடிக்காமல், எனக்குப் பின்னால் மெதுவாக, அடுத்த மட்டமான இடம் வரை வந்தார். லைட்டைப் போட்டு வழிகாட்டியது போல இருந்தது. அவர் முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை.

எல்ல ஊருக்குப் போகாமல் விட்டுவிட்டேன். ஏ5 ரோட்டையே பிடித்து வெலிமடை, பதுளை, பசறை, லுணுகலை, பிபிலை, மகாஓயா என்று செங்கலடி வரை ஓடினேன். பேராதனையில் தொடங்கும் ரோட்டு மட்டக்களப்புப் பக்கம் எங்கள் ஆட்களின் ஊரில் முடிகிறது என்பதே எனக்குப் பெரிய இழுப்பு. பசறை, லுணுகலையில் இறங்குவதோடு ஏறுவதும் கனக்க உண்டு, பதுளைக்குப் பிறகு எல்லாம் இறக்கம் என்று யாரும் நம்ப வேண்டாம். பிபிலை தாண்டினால் மறுபடி வெயில், நேர் ரோட்டு. வன்னியே திரும்பி வந்தது போல. செங்கலடியில் மாமி வீடு. பஸ்ஸில் சைக்கிளைப் போட்டு ஊர் வந்தேன்.

ஏன்_வம்பு

அம்மா என்ன சொன்னா?

வல்லைவெளி

மெலிந்துபோனாய் என்றா. வேறொன்றும் கேட்கவில்லை. இப்போது சாப்பாடு இரட்டிப்பு.

மூளாய்_மிதி

இழை முழுவதும் வாசித்தேன். என்னிடம் முன்னால் ஒரே பல்லு (42), பின்னால் 7 கியர் உள்ள சைக்கிள். பின்னால் 28தான் பெரியது. இதை மலைக்குத் தகுந்த மாதிரி மாற்றலாமா, இல்லை வேறு சைக்கிள்தானா?

காற்றுக்கணக்கு

மாற்றலாம். திருகிப் போடுகிற 7 கியர்ச் சக்கரத் தொகுதியில் 14 பல்லில் இருந்து 34 பல்லு வரை வருவது கிடைக்கும், யாழ்ப்பாணத்துக் கடைகளில் கேட்டால் எடுப்பித்துத் தருவார்கள். செயினில் சில கண்ணி கூட்ட வேண்டி வரும். பின் டிறெயிலியரின் (செயினைக் கியர் மாற்றுகிற பாகம்) கை நீளமாக இல்லாவிட்டால் செயின் 34இல் ஏறாது, அதையும் பாருங்கள். ஆனால் 42க்கு 34 என்றாலும் ஒரு சுற்றுக்கு இரண்டரை மீற்றர் வரும், பாரத்தோடு அது இன்னும் கடினம். முன் பல்லை 32 ஆக்க முடியுமா என்று பாருங்கள். இரண்டும் செய்தால் வல்லைவெளியின் கியருக்குக் கிட்ட வந்துவிடும்.

பழைய_றலி

நான் ஒன்று கேட்கிறேன், யாரும் சிரிக்கக் கூடாது. என் றலிக்கு அலுமினிய ரிம் போடலாமா?

காற்றுக்கணக்கு

ஐயா, சிரிக்கவில்லை. உங்கள் சைக்கிளில் பிறேக் கம்பியா, கேபிளா? கம்பி என்றால் அது ரிம்மின் உட்பக்கத்தில் பிடிக்கும், அலுமினிய ரிம்முக்கு ஒத்துவராது. சில்லில் எத்தனை ஸ்போக் கம்பி என்றும் எண்ணுங்கள். பழைய றலியில் முன்னால் 32, பின்னால் 40 இருக்கும். 40 துளை ரிம் தேடிக் களைத்துப்போவீர்கள்.

பழைய_றலி

கம்பி பிறேக்தான். முன்னால் 32, பின்னால் 40. எண்ணிவிட்டுத்தான் கேட்டேன். முன் சில்லை மட்டும் மாற்றினால்?

காற்றுக்கணக்கு

முன் சில்லு மட்டும் என்றால் வழி உண்டு. 32 துளை 700 ரிம் தாராளமாகக் கிடைக்கும், உங்கள் ஹப்பையே பாவிக்கலாம். ஆனால் அந்த ரிம் உங்கள் 28 அங்குல ரிம்மைவிட ஆரத்தில் ஆறு, ஆறரை மில்லிமீற்றர் சின்னது. கம்பியைக் கழற்றிவிட்டு, கை நீளமான கேபிள் பிறேக் ஒன்றை முன் போர்க்கில் பூட்ட வேண்டும். போர்க்கின் தலையில் அதற்குத் துளை இருக்கிறதா என்று பாருங்கள். படம் ஒன்று எடுத்துப் போடுங்கள், ஞாயிற்றுக்கிழமை நானே வந்து பார்க்கிறேன்.